வருடப்பிறப்பன்று மேல்வீட்டுக்குப் போன பானை

1995 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை, காலை 9.50. வெளியே ஆறு பாகை, மப்பு, மழை இல்லை. ரொறன்ரோவில், பாதர்ஸ்ற் வீதிக்குப் பக்கத்தில், வீட்டுக்கார அம்மாவின் குசினியில் பன்னிரண்டு உருளைக்கிழங்குகளுடன் நின்றேன். நானும் மனைவியும் மகளும் அந்த வீட்டின் பேஸ்மன்றில் குடியிருந்தோம்.

அன்று எல்லோருக்கும் ஏதோ ஒரு பெருநாள். எங்களுக்குச் சித்திரை வருடப்பிறப்பு. ஊருக்குப் பெரிய வெள்ளி, கடைகள் பூட்டு. யூதரான வீட்டுக்கார அம்மாவுக்கு அன்று இரவு பாஸ்கா விருந்து. அந்த விருந்துக்கு அவருடைய மகள் ஏழு வருடத்துக்குப் பிறகு வருவதாக இருந்தது. இறைச்சியை விட்ட மகளிடம், “என் மேசையில் இருப்பதைத்தான் தின்ன வேண்டும்” என்று தாய் சொன்ன அன்று எழுந்து போனவள். இப்போது தொலைபேசியில் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்: இறைச்சி காய்ச்சிய பாத்திரத்தில் சமைத்ததைத் தொடமாட்டாள். தாயிடம் இருந்த பாஸ்காச் சட்டிகள் எல்லாம் இறைச்சி கண்டவை.

“நீங்கள் பிறந்ததிலிருந்தே இறைச்சி தின்னாதவர்,” என்று இரண்டு நாள் முன்பு வீட்டுக்கார அம்மா படியிறங்கி வந்து என்னிடம் சொன்னார். “ஏதாவது ஒன்று செய்து தாருங்கள். அவள் திரும்பவும் எழுந்து போகக்கூடாது.”

மனைவிக்கு முழங்கால் வருத்தம், படியேற முடியாது. இங்கே வந்த பிறகு சமையலில் பாதி என்னுடையது. ஆகவே நான்.

பாஸ்காவில் கோதுமை ஆகாது. அவர்கள் வழக்கத்தில் அரிசி, பருப்பு, கடுகு, வெந்தயம், நல்லெண்ணெயும் ஆகாது. சைவச் சமையலில் இவ்வளவையும் கழித்தால் மிச்சம் என்ன? உருளைக்கிழங்குப் பால்கறி என்றேன். பால் என்றதும் அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டார். இறைச்சி வைக்கும் மேசைக்குப் பால் வரக்கூடாதாம். அது தேங்காய்ப்பால் என்று விளக்க ஐந்து நிமிடம் போயிற்று.

புதுச் சட்டி ஒன்று முதல்நாளே வாங்கியிருந்தேன். அவர்கள் முறைப்படி அடுப்பை யூதர் ஒருவர்தான் மூட்ட வேண்டும், ஆகவே அவரே மூட்டினார். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் இறக்கிவிட நினைத்தேன். வெங்காயம், இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை எல்லாம் சரி. 10.15க்கு, கிழங்கு வாய்வாயிற்றே என்ற பயத்தில், கீழிருந்து கொண்டுவந்த சிறு தகரப் பேணியைத் திறந்து ஒரு சிட்டிகை பெருங்காயம் போட்டேன். மூடும்போதுதான் பேணியில் எழுதியிருந்ததை வாசித்தேன். பெருங்காயம், பிசின், கோதுமை மா.

“அம்மா, இதில் கோதுமை சேர்ந்துவிட்டது,” என்றேன்.

அவர் கத்தவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். “இன்று பதினொன்றரை வரை கோதுமை இருக்கலாம், அதற்குள் என் குசினியை விட்டு வெளியே போனால் போதும். அடுப்பை நான் சுத்தப்படுத்திக்கொள்கிறேன்.” பிறகு சட்டியைப் பார்த்துக் கேட்டார்: “அவள் எதைச் சாப்பிடுவாள்?”

சட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். அங்கே புதுப் பானை ஒன்று இருந்தது. மகள் வேலையால் வந்ததும் மாலையில் வருடப் பொங்கல் பொங்க மனைவி வாங்கி வைத்தது. ஒட்டியிருந்த விலைத்துண்டைக்கூட உரிக்கவில்லை.

“இஞ்சருங்கோ, உந்தப் பானையை எங்கை கொண்டுபோறியள்?”

“மேலை. இந்தச் சட்டி அவைக்கு ஆகாது. பெருங்காயத்திலை கோதுமை.”

“எங்களுக்கு ஆகுமோ?”

“எங்களுக்கென்ன, சைவம்தானே.”

“அப்ப வருசப் பொங்கல் பெருங்காயம் மணக்கட்டும் எண்டுறியள்.”

“புளி போட்டு மினுக்கினால் போயிடும்.”

“ஆர் மினுக்கிறது?”

“நான்தான்.”

அவள் பானையைப் பார்த்தாள். “அந்தப் பிள்ளை எத்தினை வருசத்துக்குப் பிறகு வருது?”

“ஏழு.”

“கொண்டுபோங்கோ. ஆனா பத்தரை தாண்டிட்டுது. ராகுகாலத்திலையே அடுப்பு வைக்கப் போறியள்?”

அதுதான் என்னையும் உறுத்தியது. பிறகு ஞாபகம் வந்தது: இந்த மாதம்தான் கடிகாரங்களை ஒரு மணி முன்னே தள்ளியிருந்தார்கள். கடிகாரத்தில் 10.40 என்றால் சூரியனுக்கு 9.40தான். ராகு சூரியனைப் பார்ப்பானா, எங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பானா?

“சூரியனைத்தான்,” என்றேன்.

“உங்களோடை ராகுவாலையும் கதைக்கேலாது.”

எங்கள் சாக்கிலிருந்து இன்னும் பன்னிரண்டு கிழங்கு எடுத்தேன். மேலே அவர் விலைத்துண்டைத் தானே உரித்து, பானையைக் கழுவி, அடுப்பை மூட்டினார். இரண்டாவது கறியை 11.25க்கு இறக்கினேன்.

மாலையில் எங்கள் பொங்கல் பெருங்காயம் மணந்தது. மினுக்கியவன் நான் என்பதால் இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். வீட்டுக்கார அம்மாவின் மகள் வந்தபின் தலைக்கு மேலே கதிரைகள் இழுபட்டன. ஒவ்வொரு முறையும் வாசற்கதவுச் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்தேன். நான் படுக்கப் போகும்வரை கதவு திறக்கவில்லை.

பத்து நாள் கழித்து வீட்டுக்கார அம்மா இறங்கி வந்தார், வெறுங்கையோடு.

“பானையைப் பாஸ்காப் பாத்திரங்களோடு கட்டி வைத்துவிட்டேன்,” என்றார். “அடுத்த வருடமும் மகளுக்கு அதில்தான் வேண்டுமாம்.” பிறகு விலை கேட்டார்.

தொகை நாக்கு நுனிவரை வந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். மறந்துபோய்விட்டது என்றேன்.

முதற் சட்டி எங்களிடமே இருக்கிறது, அதிலிருந்த கறியையும் நாங்களே தின்றோம். ஆகவே அவை கணக்கில் இல்லை. பானை, வரியோடு, 25 டொலர் 29 சதம். இரண்டாவது கறிக்குப் போன கிழங்கும் தேங்காய்ப்பாலும் 2 டொலர் 49 சதம். மொத்தம் 27 டொலர் 78 சதம்.