கரும்பலகையின் கடைசி வார்த்தை

எங்கள் கம்பெனியில் திட்டு தமிழில் விழும், அதிகாரம் மட்டும் இங்கிலீஷில் வரும். ஆர்டர், கண்ட்ரோல், ரிப்போர்ட், பர்மிஷன், டிஸ்மிஸ். விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிகளில் வேலை பார்த்த எந்தப் பெண்ணை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவளுக்குக்கூட இந்த வார்த்தைகள் தண்ணி பட்ட பாடு. எல்லாமே எங்களைப் பார்த்து வந்த வார்த்தைகள். எங்கள் வாயிலிருந்து கிளம்பி யார் மேலும் ஒன்றுகூடப் போனதில்லை.

தெருவுக்குத் தெரு செல்போன் ரீசார்ஜ் கடை முளைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் சூப்பர்வைசர் திடீரென்று வேலையை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் முதலாளி ஷெட்டுக்குள் வந்து நின்று, பிளஸ் டூ வரை படித்தவள் என்று என்னைக் கூப்பிட்டார்.

"இந்த மாசக் கடைசில வடக்கேந்து ஒரு பார்ட்டி வராரு. நம்ம பொம்மைய கிஃப்ட் பாக்ஸுல போட்டு விக்கப் போறாராம். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு இங்கிலீஷ் வராது. நீ பேசி ஆர்டரை வாங்கிக் குடுத்துட்டன்னா நீதான் சூப்பர்வைசர். இல்லன்னா கடலூர்லேந்து என் மச்சான் பையன வரச் சொல்லிருவேன்."

மச்சான் பையனாம்! அவனுக்கு அச்சு எது, பொம்மை எது என்று தெரியுமா? எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் அந்தக் கோபத்துக்குள்ளேயே ஒரு சந்தோஷமும் குதித்துக்கொண்டு வந்தது. எங்கள் ஷெட்டில் அதுவரை ஒரு பெண் சூப்பர்வைசர் ஆனதே இல்லை. "பேசறேன் சார்" என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயந்திரமே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். சொல்லிக் கொடுத்தவள் என்னைவிடச் சின்னப் பெண், வாயைத் திறந்தால் பட்டாசு. ஒரு நாள் அவள் கரும்பலகை நிறைய எழுதினாள்: ரூல், கவர்ன், கமாண்ட், கண்ட்ரோல், டைரக்ட், மேனேஜ், டாமினேட். பிறகு, "உங்க வாழ்க்கையிலேந்து ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்க" என்றாள். பக்கத்து பெஞ்சில் இருந்த ஆட்டோக்காரர் எழுந்தார். "போலீஸ் கமாண்ட்ஸ் மீ. ஓனர் கண்ட்ரோல்ஸ் மீ. ஒய்ஃப் ரூல்ஸ் மீ." வகுப்பே சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அவள் என்னைப் பார்த்து, "நீங்க 'ஐ'ன்னு ஆரம்பிங்க" என்றாள். ஐ கண்ட்ரோல்... ஐ கண்ட்ரோல்... எதைச் சொல்ல? கடைசியில், "ஐ கண்ட்ரோல் கேஸ் ஸ்டவ்" என்றேன். மறுபடியும் சிரிப்பு. எனக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

பலகையின் அடியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அங்கே கடைசியாக 'அலவ்' என்று எழுதினாள். அதை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கமாண்டும் டாமினேட்டும் இருக்கிற இடத்தில் இந்தச் சோப்ளாங்கி வார்த்தை எதற்கு?

அதற்கப்புறம் எனக்குப் பைத்தியம்தான் பிடித்தது. தண்ணி பிடிக்கும்போது கமாண்ட், துணி துவைக்கும்போது டாமினேட். ஒரு நாள் என் வீட்டுக்காரர், "சாம்பார்ல உப்பு இல்ல" என்றார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "டோண்ட் டாமினேட் மீ!" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "சரிம்மா, டாமினேட் பண்ணல. உப்பு டப்பா எங்க இருக்குது?" என்றார். மனுஷனிடம் சண்டை போடக்கூட வழியில்லை.

ஷெட்டிலும் வாய் ஓயவில்லை. எங்கள் வேலை ஃபினிஷிங். அச்சிலிருந்து எடுத்த களிமண் பொம்மையின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துப் பலகையில் வைக்க வேண்டும். பெண்கள் எல்லாரும் ஒரே வரிசையாக உட்காருவோம். வாசல் பக்கத்து முதல் இடத்தில் உட்காருகிறவள் எந்த வேகத்தில் செய்கிறாளோ அதுதான் வரிசையின் வேகம். யாரும் போட்ட சட்டமில்லை, ஆனால் அப்படித்தான். பழைய சூப்பர்வைசர் கத்துகிற நாட்களில் முதல் இடத்துக் கை மெதுவாகும். உடனே அத்தனை கைகளும் மெதுவாகும். வேலையை யாரும் நிறுத்தவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை, அவர் யாரை டிஸ்மிஸ் செய்வார்? சாயந்திரம் அவரே எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானமாவார்.

அந்த முதல் இடம் ஒரு அக்காவுடையது. நெடுநெடுவென்று இருப்பார், நக்கலில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நான் படிக்கப் போன நாளிலிருந்து எனக்குக் கலெக்டரம்மா என்று பேர் வைத்துவிட்டார்.

"என்னாடி கலெக்டரம்மா, இன்னிக்கு என்னா பாடம்?"

"ஹூ கண்ட்ரோல்ஸ்? ஐ கண்ட்ரோல். வீ கண்ட்ரோல். ஷி கண்ட்ரோல்ஸ்" என்று நான் பொம்மையிடம் முணுமுணுப்பேன். வரிசை முழுக்கக் கேலியாக அதையே திருப்பிச் சொல்லும். ஒரு நாள் எல்லா வார்த்தையையும் ஒப்பித்துவிட்டு அலவ் என்று முடித்தேன்.

"அப்பிடின்னா?" என்றார் அக்கா.

"சம்மதிச்சு விடறதுக்கா. அது ஒண்ணும் பெரிய வார்த்தை இல்ல."

"ம்" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த பொம்மையை எடுத்தார்.

அந்தப் பார்ட்டி வந்த நாள் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். கார் வந்தது. வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ், பின்னாலேயே எங்கள் முதலாளி வியர்த்து விறுவிறுத்து. அந்தக் கண்ணாடியைப் பார்த்ததும் நான் படித்ததில் பாதி ஓடிவிட்டது. ஆனாலும் "குட் மார்னிங் சார்" சொன்னேன். "திஸ் ஈஸ் எலிஃபெண்ட், திஸ் ஈஸ் பிள்ளையார்" என்றேன். அவர் தலையாட்டினார். பார்த்தீர்களா, வருகிறதே என்று எனக்கே ஒரு துள்ளல்.

அவர் ஒரு யானையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வரிசையைக் காட்டி, "ஹூ கண்ட்ரோல்ஸ் திஸ் லைன்?" என்றார்.

இந்த வரிசையைக் கட்டி மேய்ப்பது யார் என்று கேட்கிறார்! எத்தனை நாள் இதையே பொம்மையிடம் சொல்லியிருப்பேன்! "ஐ கண்ட்ரோல், சார்" என்றால் முடிந்தது. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. முதலாளி என்னை முறைத்தார். அவர் கை சட்டைப் பையில் இருந்த செல்போன் மேல் போனது. போச்சு, கடலூருக்குத்தான் போன் என்று நினைத்தேன்.

அப்போது வாசல் பக்கம் கத்தி கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அக்கா முழங்கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். விரலை என் பக்கம் நீட்டினார்.

"ஷி கண்ட்ரோல்ஸ், சார்."

அக்கா ஒரு மூச்சு விட்டு, வரிசை மொத்தத்தையும் கையால் வளைத்துக் காட்டினார்.

"வீ அலவ்."

அந்த மனுஷர் கூலிங் கிளாஸைக் கழற்றினார். அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், அப்படியொரு சிரிப்பு! என்ன நடந்தது என்றே புரியாமல் எங்கள் முதலாளியும் கூடச் சிரித்தார். வரிசையில் எல்லாரும் "வீ அலவ், வீ அலவ்" என்று கத்தினார்கள். அந்தக் கூச்சலில்தான் எனக்கு வாய் திறந்தது. அதற்கப்புறம் நான் நிறுத்தவே இல்லை. தப்பும் தவறுமாக எதை எதையோ பேசினேன், ஆர்டரும் கிடைத்தது.

கார் போனதும் முதலாளி எல்லார் முன்னாலும், "நாளைலேந்து இவங்கதான் சூப்பர்வைசர்" என்றார். இவளாக இருந்த நான் ஒரே நொடியில் இவங்க ஆகிவிட்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டேன், அவர் கைக் களிமண் முழுக்க என் நல்ல புடவையில் அப்பியது.

"அக்கா, நீங்க மட்டும் இல்லன்னா..."

"விடுடி, புடவை வீணாப்போவுது" என்று என்னை விலக்கி நிறுத்தினார். தன் இடத்தில் போய் உட்கார்ந்து கத்தியை எடுத்தார். வரிசையின் அத்தனை கைகளும் கத்தியை எடுத்தன.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்க, கலெக்டரம்மா" என்றார், தலையை நிமிர்த்தாமல். "நாளைக்கு எங்கள வெரட்டுனன்னு வையி, நான் சொன்னதுல அந்தக் கண்ட்ரோல் உனக்கே இருக்கட்டும். ரெண்டாவதா சொன்ன அலவ்வ நாங்க திரும்ப வாங்கிக்குவோம்."