மலைக்கு மேல ஒரு டிவி

எங்க வீட்டுக்காரருக்கு டிவி நிலையத்துல வேலைன்னு சொன்னா போதும், "நடிகருங்களை எல்லாம் பார்த்திருப்பாரே!"ன்னு எல்லாரும் வாயைப் பிளப்பாங்க. மண்ணாங்கட்டி! அவர் பார்த்ததெல்லாம் மலை உச்சியில ஒரு கோபுரம், அதுக்கடியில ஒரு ரூம், அந்த ரூம்ல உறுமிக்கிட்டே கிடக்கிற, ஊருக்குப் படம் அனுப்புற டிரான்ஸ்மிட்டர். அது ஓடுற வரைக்கும் பக்கத்துல ஆள் இருந்தாகணும். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வருவார். மகளுக்குக் காய்ச்சல் அடிச்சாலும் நான்தான், குழாய் உடைஞ்சாலும் நான்தான்.

பழைய ஒளிபரப்பை நிறுத்திட்டு டிஜிட்டலுக்கு மாறப்போறாங்கன்னதும், "ஐயோ பாவம், அவர் மனசு என்ன பாடுபடும்"னு எதிர்வீட்டு அக்கா துக்கம் விசாரிக்கவே வந்துட்டாங்க. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். புது மெஷினைக் கீழே ஆபீஸ்ல இருந்தே பார்த்துக்கலாமாம். அது ஒழுங்கா ஓடினா அவருக்கு ஊருக்குள்ளயே வேலை. சொதப்பினா பழையபடி மலைதான்.

வீட்டுக்கு வர்ற அந்த ஒரு நாளும் மனுஷன் சும்மா இருக்கல. "பழைய டிவின்னா டிஜிட்டல் பெட்டி வாங்கி மாட்டுங்க, இல்லேன்னா வெறும் புள்ளிதான் தெரியும்"னு தெருத்தெருவா தொண்டை கிழியச் சொல்லிட்டு வந்தார். எங்க வீட்டுக்கு முதல் ஆளா மாட்டினார்.

மாறுற நாள் காலையில மலையிலிருந்து போன்.

"போச்சும்மா, எல்லாம் போச்சு! பழசை நிறுத்தியாச்சு. புதுசுல மீட்டர் எல்லாம் சரியாத்தான் காட்டுது, ஆனா படம் வரல. இனி என்னை எங்க கீழ விடப்போறாங்க?"

போனைக் காதுல வச்சபடியே ஓடிப்போய் டிவியைப் போட்டேன். படம் பளிச்னு இருக்கு! செய்தி வாசிக்கிற பொண்ணோட கம்மல் கல்லைக்கூட எண்ணலாம். நம்ப முடியாம எதிர்வீட்டுக்குள்ள நுழைஞ்சேன். அங்கயும் அதே பளிச்.

"ஏங்க, இங்க ஜம்முனு வருதே!"

"எப்படி வரும்? என் கண்ணு முன்னாடி டிவி இருக்கு, வெறும் புள்ளியா ஓடுது."

எனக்குச் சட்டுன்னு உறைச்சது. "அந்த டிவிக்குப் பெட்டி மாட்டினீங்களா?"

அவர் டிவியை நகர்த்திப் பின்னாடி பார்க்கிற சத்தம் கேட்டுச்சு.

"இல்லம்மா..."

"ஊருக்கெல்லாம் சொன்ன மகராசன்!"னு சிரிக்க ஆரம்பிச்சேன். சிரிப்பு எப்போ அழுகையா மாறுச்சுன்னு தெரியல. எதிர்வீட்டு அக்கா பயந்துபோய்த் தண்ணி கொண்டாந்தாங்க.

அடுத்த மாசமே கீழ ஆபீஸுக்கு மாத்தி ஆர்டர் வந்துச்சு. ரெண்டு பையைத் தூக்கிட்டு இறங்கி வந்துட்டார். அப்புறம் ஒரு லீவு நாள், மத்தியானம் நல்ல மழை. டிவியில படம் அப்படியே உறைஞ்சு, கட்டம் கட்டமா உடைஞ்சு போச்சு.

"ஏங்க, படம் போச்சு."

பாயில படுத்திருந்தவர் கண்ணைக்கூடத் திறக்கல. "டியூட்டியில இருக்கிறவன் பார்த்துப்பான்"னு சொல்லிட்டுப் புரண்டு படுத்துக்கிட்டார்.

அப்பாடா! நானும் டிவியை அணைச்சுட்டுப் பக்கத்துல படுத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, பட்டப்பகல்ல ரெண்டு பேரும் நிம்மதியாத் தூங்கினது அன்னைக்குத்தான்.