மாப்பிள்ளை குடித்திருக்கவில்லை

குடிக்காத மனிதரைக் குடிகாரர் என்று ஊரார் முன்னால் சொல்லி, என் தங்கையை அவரிடமிருந்து பிரித்து அழைத்து வந்தவன் நான். இரண்டாயிரத்து எட்டு வாக்கில், சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அது நடந்தது. திண்டுக்கல்லில் ஆசிரியராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன்.

தங்கையின் கணவர் முன்பு குடித்தவர்தான். ஒரு தவக்காலத்தில் விட்டவர், அதன்பின் பல வருடங்களாகத் தொடவேயில்லை. அந்த ஆண்டு மாதா கோயில் திருவிழா விருந்தில் பரிமாறும்போது தள்ளாடினார். நாக்கு குழறியது, சாம்பார் வாளியை நழுவவிட்டார். தலைவலி என்றார், குடிக்கவில்லை என்றார். நான் காதில் வாங்கவில்லை.

"இனிமே இவ ஒங்ககூட இருக்க மாட்டா" என்று பந்தி முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு, தங்கையை ஆட்டோவில் ஏற்றினேன்.

ஒரு வாரத்தில், அவர் தோட்டத்தில் மயங்கிக் கிடப்பதாகத் தகவல் வந்தது. தங்கை அன்றே அவரிடம் திரும்பிப் போய்விட்டாள். ஸ்கேன் எடுத்தபோது, மூளையைச் சுற்றிப் பழைய ரத்தம் தேங்கியிருப்பது தெரிந்தது. எப்போதோ மோட்டார் ரூம் வாசலில் தலையை இடித்துக்கொண்டாராம். கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்த அந்த ரத்தம்தான் அவரைத் தள்ளாட வைத்தது.

மதுரையில் மண்டையோட்டில் துளையிட்டு ரத்தத்தை வெளியேற்றினார்கள். திரும்பவும் சேர்ந்தது. மறுபடி எடுத்தார்கள். மூன்றாவது முறையும் ஊற ஆரம்பித்தபோது, டாக்டர் வேறொரு வழி சொன்னார். தொடையில் ஊசி போட்டு, ரத்தக்குழாய் வழியாகவே மெல்லிய குழாயைத் தலை வரைக்கும் செலுத்தி, கசியும் இடத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியை அடைத்துவிடுவது. இங்கே அதிகம் செய்ததில்லை, பார்வைகூடப் போகலாம், உறுதி தர முடியாது என்றும் சொன்னார்.

படித்தவன் நீயே முடிவு பண்ணு என்றார்கள் உறவினர்கள். மறுத்துவிட்டேன். இந்த முறை அவரைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை என்று உறுதியாக இருந்தேன். அவர் நினைவு தெளிவாக இருந்த ஒரு காலையில் கட்டிலருகே உட்கார்ந்து, நல்லது கெட்டது எதையும் ஒளிக்காமல் சொன்னேன். திருவிழாவில் செய்ததற்கு மன்னிப்பும் கேட்டேன்.

"இப்பவாச்சும் என்னையக் கேட்டீகளே, மச்சான்" என்றார். "செய்யச் சொல்லுங்க. பொழச்சு வந்தா, அம்புட்டுப் பேரு முன்னாடியும் மாத்திச் சொல்லணும்."

செய்தார்கள். அடுத்தடுத்த ஸ்கேன்களில் ரத்தம் வற்றிக்கொண்டே வந்தது. திரும்ப ஊறவில்லை.

அடுத்த திருவிழா விருந்தில் எழுந்து நின்று, அன்று அவர் குடித்திருக்கவில்லை, தவறு என்னுடையது என்று சொன்னேன். ஒரு பெரியவர், "வாத்தியாரே, ஒரு வருசங்கழிச்சா திருத்துறது?" என்றார். பந்தியே சிரித்தது, மாப்பிள்ளையும் சிரித்தார்.

பரிமாறிக்கொண்டிருந்த என் தங்கை சிரிக்கவில்லை. "அவரக் கேட்ட, சரி. அன்னைக்கு என்னையக் கேட்டியாண்ணே?" என்றாள்.

அங்கேயே அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். அது மன்னிப்புத்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைச் சொல்லும்படி அவளை வற்புறுத்த எனக்கு உரிமையில்லை என்பது மட்டும் தெரியும்.