சூரியன் வராத ஊரில் பெரியப்பா

பெரியப்பாவின் பித்தளைச் செம்பு இப்போது என் வீட்டுக் குளியலறையில் கிடக்கிறது. அதன் வயிற்றில் ஒரு நெளிவு உண்டு. சூரியன் வருவதற்கு முன்னால் பெரியம்மா ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டார் என்று பெரியப்பா அவர்மேல் வீசியெறிந்தபோது, நிலைக்காலில் பட்டு நெளிந்தது.

அப்பா இல்லாத நான் ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் பெரியப்பா வீட்டில்தான் வளர்ந்தேன். காலையில் குளித்துவிட்டு, செம்பில் தண்ணீரோடு களத்துமேட்டில் போய் நிற்பார். சூரியனைக் கண்ணால் பார்த்து, தண்ணீர் வார்த்துக் கும்பிட்ட பிறகுதான் சாப்பாடு. அவர் சாப்பிடாமல் வீட்டில் யாரும் வாயில் எதையும் போடக் கூடாது. இதற்காகவே ஊரில் அவருக்கு அப்படியொரு மரியாதை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கல்வராயன் மலைப் பக்கமிருந்து மேகம் வந்து மூடிவிட்டால், நாங்கள் எல்லோரும் பட்டினி. பள்ளிக்கூடத்துச் சத்துணவுதான் என்னையும் அவருடைய ஒரே மகளான அக்காவையும் காப்பாற்றியது.

பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்தது. மாத்திரை போட்டால் உடனே சாப்பிட வேண்டும் என்று கள்ளக்குறிச்சி டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். ஒரு புயல்மழை நாளில் பெரியம்மா மாத்திரையை விழுங்கிவிட்டுச் சோற்றுப் பானையின் பக்கத்தில் காத்திருந்தார். வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. கொஞ்சம் சோறு சாப்பிடட்டுமா என்று கேட்டார். பெரியப்பா வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "வெளுத்துக்கினு வர்து, பொறு" என்றார். அக்கா ஒரு பிடி சர்க்கரையோடு ஓடிவந்தாள். அவள் கையைத் தட்டிவிட்டார். பெரியம்மா அடுப்படியிலேயே சாய்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களிடம் பெரியப்பா, அவள் விதி என்றார். அன்றைக்குக்கூட சூரியனைப் பார்க்காமல் பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை என்று ஊர் அவரை மெச்சியது. அந்த ஊரை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா படித்து, நார்வே நாட்டின் வடகோடியில் ஒரு கடலோர நகரத்துக்கு வேலைக்குப் போனாள். அப்பாவோடு பல வருடம் பேச்சில்லை. போன மார்கழியில் திடீரென்று எனக்கும் அவருக்கும் டிக்கெட் அனுப்பினாள். மகள் மனசு மாறிவிட்டாள் என்று பெரியப்பா உளுந்தூர்பேட்டை சொந்தக்காரர்கள் வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார். செம்பைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தார்.

முதல் நாள் காலையில் பால்கனியில் செம்போடு நின்றார். கீழே துறைமுகத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பகல் பொழுதுக்கு வானம் லேசாக நீலம் பாரித்தது, பனி மூடிய மலை தெரிந்தது, மறுபடியும் இருட்டிவிட்டது. செம்பிலிருந்த தண்ணீர் உறைந்துபோயிருந்தது. அக்கா எனக்கு இட்லி வைத்து, தானும் அவர் கண்ணில் படும்படி உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். பிறகு, "பொங்கல் கழிச்சுதாம்பா இங்க சூரியன் வரும்" என்றாள். அவர் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்திருப்பார்.

மறுநாள் பட்டினியில் பெரியப்பாவால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பால்கனிக்குப் போக முடிந்தது. எனக்கே பொறுக்கவில்லை. ஊரிலிருந்த என் மனைவியை வீடியோவில் கூப்பிட்டுச் சூரியனைக் காட்டச் சொன்னேன். களத்துமேட்டு வெயில் போனில் தெரிந்ததும் பெரியப்பா கையைக் கூப்பினார். அக்கா போனைப் பிடுங்கி அணைத்தாள்.

"அம்மாவுக்கு அன்னிக்கு யாரு காட்னாங்க?"

கொஞ்ச நேரத்தில் அவராகவே சமையலறைக்கு வந்து சோறு கேட்டார். அக்கா சோறு போட்டு, சூடாக ரசம் ஊற்றினாள். பருக்கை மிச்சமில்லாமல் தின்றார். கை கழுவும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"சூரியனப் பாக்காம துன்னியே, இன்னா ஆச்சுப்பா?"

"ஒண்ணும் ஆவலம்மா."

"அம்மா துன்னிருந்தா மட்டும் இன்னா ஆயிருக்கும்?"

அக்கா தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள். ஊருக்குத் திரும்பும்வரை அவள் அவரிடம் வேறொன்றும் பேசவில்லை.

இப்போது என்னோடுதான் இருக்கிறார். களத்துமேட்டுப் பக்கம் போவதேயில்லை. விடிவதற்கு முன்பே பசி வந்துவிடுகிறது. அக்காவுக்கு அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. இன்று காலை நல்ல மழை மூட்டம். தட்டை எடுத்துவைத்துக்கொண்டு இட்லி கேட்டார். நான் குளியலறையிலிருந்து செம்பை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"வெளுத்துக்கினு வர்து பெரியப்பா, பொறுங்க" என்றேன்.