தை மாதத்து வெற்றிலை

என் தம்பி முதன்முதலாக ரத்தம் கக்கியது புரட்டாசியில், குடவாசல் பக்கத்து எங்கள் வயலில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தபோது. இருமியபடி வரப்பில் உட்கார்ந்தான். தோளில் கிடந்த துண்டு முழுக்க நனைந்துவிட்டது.

இளவயதில் அவனுக்குக் காசநோய் வந்து குணமாகியிருந்தது. அது நுரையீரலில் விட்டுப்போன குழியைச் சுற்றி ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கின்றன, அதில் ஒன்று உடைந்திருக்கிறது என்றார் தஞ்சாவூர் டாக்டர். தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, திரையில் பார்த்துக்கொண்டே, உடைந்த இடத்துக்கு நுண்ணிய துகள்களை அனுப்பி அடைத்தார்கள். அவன் விழித்துக்கொண்டுதான் இருந்தான்.

"மடையை அடைச்சாச்சுண்ணே. மம்பட்டியே இல்லாம" என்றான் வெளியே வந்து.

அடைத்தது திறந்துகொள்ளலாம், வேறு குழாயும் கசியலாம், ஒரு ஸ்பூன் ரத்தம் வந்தாலும் அன்றைக்கே வந்துவிட வேண்டும், மறுபடி அடைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

தையில் அறுவடை நடக்கும்போது அவன் மகளுக்குக் கீழ்வேளூரில் இடம் அமைந்தது. நோயைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லவில்லை. அந்த மாதம்தான் தம்பி வெற்றிலை சீவல் போடத் தொடங்கினான். கல்யாண வீட்டில்கூட அதைத் தொடாதவன். சம்பந்தியாகப் போகிற மிதப்பு என்று நினைத்துக்கொண்டோம்.

"வாயப் பாருங்க. இவருதான் மாப்பிள்ளைன்னு நினைச்சுக்கப் போறாங்க" என்பாள் அவன் மனைவி. சிரித்துக்கொண்டே கொல்லைப்பக்கம் துப்பப் போவான்.

மாசியில், பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்த மறுநாள், இட்லித் தட்டின் முன்னால் இருந்தபோது மறுபடி பீறிட்டது. கார் கும்பகோணம் தாண்டுவதற்குள் அவன் பேச்சு குறைந்துவிட்டது. எப்போதிலிருந்து வருகிறது என்று டாக்டர் கேட்டார். இன்றைக்குத்தான் என்றேன். தம்பி தலையசைத்து மறுத்தான்.

"அறுப்பு ஆரம்பிச்சதுலேர்ந்து. தெனமும் கொஞ்சம். வெத்தலை போட்டா தெரியாதுல்ல."

டாக்டர் உடனே உள்ளே கொண்டுபோகச் சொன்னார். எல்லாம் தயாராகத்தான் இருந்தது. குழாயைச் செலுத்துவதற்கு முன்பே இரண்டு நுரையீரலிலும் ரத்தம் நிரம்பி மூச்சு அடங்கிவிட்டது.

வராந்தாவில் அவன் மகள் என் முன்னால் வந்து நின்றாள். "கீழ்வேளூர்க்காரங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதானே பெரியப்பா?"

அப்படியெல்லாம் இல்லை என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் நிற்கவில்லை. ஜன்னலோரம் போய் அவர்கள் வீட்டுக்கே போன் செய்தாள். அப்பா இறந்துவிட்டார் என்றாள். பிறகு காசநோயையும், புரட்டாசியையும், தையையும் அழாமல், எதையும் விடாமல், வரிசையாகச் சொன்னாள்.