ரெஜினா டீச்சரும் முப்பதுக்கு முப்பதும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த அன்று காலை நம் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகள் கொட்டிக்கொண்டிருந்தன. வேதியியலில் நூறு வாங்கிய பிள்ளைகளின் படங்களை யாரோ வரிசையாகப் போட்டார்கள். அவற்றுக்கு நடுவே ஒரு வரி: "ரெஜினா டீச்சர் இன்று காலை காலமானார். மாலை நான்கு மணிக்கு அடக்கம்." படத்துக்குப் போடவேண்டிய கைதட்டலை இதற்குப் போட்டுவிட்டு அவசரமாக அழித்தார் ஒருவர். அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. பள்ளி வாசலில் கட்டப்போகும் ஃபிளெக்ஸுக்குப் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நான், செய்தியைப் படித்த பிறகும் பட்டியலை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

உங்களில் பலருக்கு அவரைக் கோபக்காரராகத்தான் தெரியும். உண்மைதான், கோபக்காரர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பாடம் நடத்தாமல் குறிப்பு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த என் வகுப்புக்குள் வந்து, "ரஃபி சார், போர்டுதான் பரீட்ச எழுதப் போவுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. மதியம் அவரே தன் டப்பாவிலிருந்து வறுத்த கருவாட்டை என் தட்டில் வைத்து, "கோச்சிக்காம சாப்புடுங்க பாய்" என்றார். அப்படித்தான் நாங்கள் நண்பர்களானோம். ஒரே பாடம், பக்கத்துப் பக்கத்து வகுப்பு, ஒரே ஆய்வகம். ஆய்வகப் பொறுப்பு மட்டும் என்னுடையது.

செய்முறைத் தேர்வு நம் பக்கம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், யாரும் இதுவரை எழுதியதில்லை. வேறு பள்ளியிலிருந்து தேர்வாளர் வருவார். அவருக்கு பிரியாணி வரும். ஆய்வக உதவியாளர் தண்ணீர் ஜாடியோடு மேசை மேசையாகப் போய், கொடுத்திருக்கும் உப்பின் பெயரைப் பிள்ளைகளின் காதில் சொல்லிவிடுவார். கடைசிக் குழு உள்ளே வருவதற்கு முன்பே மதிப்பெண் பட்டியல் நிரம்பியிருக்கும். முப்பதுக்கு முப்பது. அடுத்த வாரம் அந்தத் தேர்வாளரின் பள்ளிக்கு நம்மில் ஒருவர் போய் அதையே செய்வோம். "உப்பு பேரயும் சொல்லிட்டா அந்தப் புள்ளைங்க என்னாத்தக் கண்டுபுடிக்கும்?" என்று டீச்சர் ஒவ்வொரு வருடமும் முணுமுணுப்பார். முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்தும் போடுவார். செத்துப்போனார் என்பதற்காக அவரைப் புனிதர் ஆக்கவேண்டாம். அவரும் போட்டார்.

சுகன்யா அப்படி முப்பது வாங்கியவள். வீராம்பட்டினத்துப் பெண். அம்மா கூடையில் மீன் விற்பவர். அந்த வருடம் ஆய்வகத்தில் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு சிறப்பு வகுப்பு நடந்தது. மதிப்பெண்ணைக் கூட்டுவதற்கான வகுப்பு. ஆகவே சுகன்யாவின் கூட்டம் ஒரு பிப்பெட்டைக்கூடக் கையில் எடுக்கவில்லை. ரெக்கார்டு நோட்டு மட்டும் அழகாக எழுதினார்கள். வேதியியலில் அவளுக்குத் தொண்ணூற்றாறு வந்தது. மேலே படிக்க வைக்க வழியில்லாததால், அந்த மதிப்பெண் பட்டியலைக் காட்டி சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில், பரிசோதனைக் கூடத்தில் உதவியாளாகச் சேர்ந்தாள். இரண்டாவது வாரம் அமிலத்தை நீர்க்கச் செய்யச் சொன்னார்கள். தண்ணீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவேண்டும். அவள் அமிலத்தில் தண்ணீரை ஊற்றினாள். கொதித்துத் தெறித்ததில் வலது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு நானும் டீச்சரும் சேர்ந்துதான் போனோம். தொழிற்சாலை ஆள் ஒருவர் மதிப்பெண் பட்டியலின் நகலோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். "தொண்ணூத்தாறு வாங்குன பொண்ணுங்க. இதுகூடத் தெரியாதா? கவனமில்லாம செஞ்சிருக்குது" என்றார். வெளியே வந்ததும் டீச்சர் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அமிலத்தை நீரில் சேர்க்கவேண்டும்னு நோட்டுல எழுதியிருந்தா சார். நான்தான் டிக் அடிச்சேன். எழுதத் தெரிஞ்சா செய்யத் தெரியும்னு நெனச்சிக்கிட்டேன்" என்றார்.

விபத்தை விசாரிக்க வந்த அரசு அதிகாரிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அந்த வருடம் செய்முறை வகுப்பே நடக்கவில்லை, தப்பு பெண்ணுடையது இல்லை என்று. ஆய்வகப் பொறுப்பாளர் என்ற முறையில் என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். யோசிக்க இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். மூன்றாம் நாள் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு வேறொரு தாளை நீட்டினார். வகுப்புகள் முறையாக நடந்தன என்று அதில் இருந்தது. எனக்கு வேலை நிரந்தரமாகாத காலம், வீட்டில் இரண்டு பிள்ளைகள். காரணம் சொல்ல ஆரம்பித்தால் சொல்லிக்கொண்டே போகலாம். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன். டீச்சரின் கடிதத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. பள்ளியின் மேல் உள்ள காழ்ப்பில் எழுதினார் என்றார்கள். விபத்துக்குக் காரணம் பெண்ணின் கவனக்குறைவு என்று அறிக்கை முடிந்தது. அந்த மாதமே அவர் வேலையை விட்டார். நாம் சால்வை போட்டு அனுப்பி வைத்தோம், நினைவிருக்கும்.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு ஒரே ஒரு முறைதான் போனேன். போன மழைக்காலம். ஆள் பாதியாக இளைத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். காபி கொடுத்துவிட்டு, "இந்த வருசம் எத்தினி பேருக்கு முப்பது?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் டீச்சர்."

சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்துவிட்டது. "புள்ளைங்களுக்கா போடுறோம்? நமக்கு நாமளே போட்டுக்கிறோம் சார்" என்றார். அந்தத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன்.

உப்பளம் கல்லறையில் அன்று மாலை நம் பள்ளியிலிருந்து நான்கு பேர்தான் வந்திருந்தோம். மற்றவர்களுக்கு ரிசல்ட் வேலை. சுகன்யா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மண் போட்டு முடித்ததும் அவள் அம்மா நேராக என்னிடம் வந்தார்.

"சார், நெசமாவே அந்த வருசம் கிளாஸு நடந்துச்சா?"

"நடக்கலம்மா."

திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு, "இத அப்பவே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். கத்தவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

"இனிமே எழுதி என்னா ஆவப் போவுது? இவ கண்ணு வருமா? ஆனாலும் குடுங்க சார். எம்மவ கவனமில்லாதவன்னு சர்க்கார் காயிதத்துல இருக்குது. அது பொய்யின்னு ஒரு காயிதமாச்சும் எங்க வூட்ல இருக்கட்டும்."

நேற்று வீராம்பட்டினம் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பள்ளிக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன். என்னைப் பற்றி இனி நீங்கள் கேள்விப்படப்போவதற்கு இதுதான் காரணம். டீச்சர் பாடம் நடத்திய விதமோ கோபமோ எனக்கு வாய்க்கவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவர் கடிதத்தின் முதல் வரியை மட்டும். என் கடிதத்தையும் அதைக் கொண்டுதான் தொடங்கினேன்: "இந்த மாணவிக்கு நாங்கள் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை, மதிப்பெண் மட்டும் போட்டோம்."