சௌந்திரம் எடுத்த மீசை

தங்கசாமி ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியின் கம்பத்திலிருந்து விழுந்தது 1979 சித்திரையில், ஆந்திராவில் ஏதோ ஓர் ஊரில். கழுத்தில் எலும்பு நொறுங்கிவிட்டது. அதற்குக் கீழே எதுவும் அவர் சொல்வதைக் கேட்கவில்லை. ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, திருச்செங்கோட்டில் எங்கள் வரிசை வீடுகளில் மூன்றாம் கதவுக்குள் கொண்டுவந்து கிடத்தினார்கள். நான் நான்காம் கதவில் குடியிருந்தேன்.

அவர் மனைவி சௌந்திரம் அக்காவுக்கு அப்போது இருபத்தாறு வயது. அதுவரை தங்கசாமி வருடத்தில் எட்டு மாதம் வண்டியோடு ஊர் ஊராகப் போனவர். புருஷன் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்ததே அந்தக் கோடையில்தான் என்று பின்னால் ஒருமுறை அக்கா சொன்னார். சொன்னபோது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

தங்கசாமியின் அம்மா செல்லாயி ஓமலூர்ப் பக்கம் தனியாகக் காட்டு வெள்ளாமை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே மகன். கழுத்தில் சுளுக்கு, ஆடி போனால் எழுந்துவிடுவேன் என்று தங்கசாமி சொல்லச் சொல்ல நான்தான் கடிதம் எழுதினேன். அந்தப் பொய் இரண்டு கடிதத்துக்குத் தாங்கியது. மூன்றாவதற்குப் பதில் வந்தது: ஞாயிற்றுக்கிழமை வாரேன்.

தங்கசாமி கூரையைப் பார்த்தபடி யோசித்தார். "கையிரண்டையும் போர்வைக்குள்ள வெச்சிரு புள்ள. அசையக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருன்னு சொல்லிக்கலாம். வாய் நல்லாத்தான இருக்குது, நான் பேசிச் சமாளிச்சுக்கறேன். இந்தத் தாடிதான் காட்டிக் குடுத்துரும்."

அது உண்மை. பத்தொன்பது வயதிலிருந்து சவரக்கத்தியால் தினமும் தானே மழித்துக்கொண்டவர் அவர். கிணற்றடியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து அவர் கத்தி தீட்டும் சத்தத்தில்தான் அந்த வீடு விடியும் என்று செல்லாயிக்குத் தெரியும். இப்போது இரண்டரை மாதத் தாடி. பார்த்த மாத்திரத்தில் அந்தக் கைகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்.

நாவிதர் சின்னுசாமியைக் கூப்பிட்டு வந்தேன். அவர் பெட்டியோடு வாசற்படியில் நின்றதுமே உள்ளேயிருந்து கத்தல்.

"வேண்டாஞ்சாமி! படுத்துக்கிட்டு உங்கிட்ட முகங்குடுக்க நான் பொணமில்ல."

உட்கார வைத்தால் அவருக்குக் கண் இருட்டிவிடும். சின்னுசாமிக்குக் கோபம் வரவில்லை. "அவர் சொல்றது நெசந்தானுங்க. படுத்த ஆளுக்கு நான் கத்தி வெச்சதெல்லாம் அந்த ஒரு காரியத்துக்குத்தான். எனக்கே கை வராது" என்றார்.

சௌந்திரம் அக்கா உள்ளே போய்த் தங்கசாமியின் சவரக்கத்தியை எடுத்துவந்தார். பிறகு, "நான் வெக்கறேனுங்க. எப்படீன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

வாசலில் நின்றபடியே சின்னுசாமி தன் கன்னத்தை இழுத்துக் காட்டினார். "இடது கையில தோலை இழுத்துப் புடிங்க அம்மிணி. கத்தியைப் படுக்க வெச்சு ஓட்டுங்க. நிமிந்துச்சுன்னா அறுத்துரும். முதல்ல ஒரு சுரைப்பிஞ்சுல பழகுங்க."

பிஞ்சுச் சுரைக்காயில் மெல்லிய ரோமம் இருக்கும். அதற்குச் சோப்பு நுரை தடவி, மடியில் கிடத்தி, அக்கா நான்கு நாள் மழித்தார். முதல் நாள் காய் முழுக்க வெட்டு. இரண்டாம் நாள் பாதி. அந்த வாரம் வரிசையில் எல்லா வீட்டிலும் சுரைக்காய்ப் பொரியல்.

"எனக்கு முந்தி சுரைக்காய்க்கு மாப்பிள்ளை அலங்காரமா?" என்றார் தங்கசாமி. "அதையே கட்டில்ல படுக்க வெச்சு எங்கம்மாகிட்டக் காட்டு. என்னையவிட லட்சணமாத்தான் இருக்குது."

"அது உங்களாட்டம் வாயடிக்காதுங்க" என்றார் அக்கா.

விழுந்ததற்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றுதான்.

ஞாயிறு காலை என்னைக் கண்ணாடி பிடிக்கச் சொன்னார்கள். அக்கா முதலில் கத்தரியால் தாடியைக் குறைத்தார். பிறகு நுரை தடவிக் கத்தியைப் படுக்க வைத்து ஓட்டினார். வலது கன்னம் வந்தது. இடது கன்னம் வந்தது. தாடைக்கடியில் அவர் மூச்சை அடக்கிக்கொள்ள, அக்காவும் அடக்கிக்கொண்டார். ஒரு கீறல் இல்லை. தங்கசாமி கண்ணாடியை இன்னும் கிட்டக் கொண்டுவரச் சொன்னார்.

"மீசை ஓரத்தையும் கொஞ்சம் ஒதுக்கி உடு புள்ள. சுளுக்குக்காரன்னா நம்போணுமில்ல" என்றார் பிறகு. சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

சிரிப்பில் உதடு அசைந்தது. வலது முனை போயிற்று. சரிக்கட்ட அக்கா இடது முனையை எடுத்தார். அது கூடுதலாகப் போயிற்று. மறுபடி வலது. கடைசியில் மூக்குக்குக் கீழே ஒரு மைப்பொட்டு மாதிரி மிஞ்சியது.

"வழிச்சிரு. கோமாளியாட்டம் இருக்குது" என்றார்.

அக்கா வழித்தார். நான் கண்ணாடியைக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"அப்பன் செத்தன்னிக்குப் பாத்த மூஞ்சி" என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பெற்றவர்கள் செத்தால்தான் எங்கள் பக்கத்தில் மகன் மீசையை எடுப்பான். அப்பன் போய்ப் பத்து வருடமாகிறது. மிச்சம் இருப்பது அம்மா ஒருத்தி. அவர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

செல்லாயி கடலைக்காய் மூட்டையோடு உள்ளே நுழைந்தார். மகன் முகத்தைப் பார்த்ததும் மூட்டை தானாகக் கீழே இறங்கியது.

"யாருக்குடா எடுத்த?" என்றார். "நாந்தான் உசுரோட நிக்கறனே."

தங்கசாமி வாயைத் திறப்பதற்குள் சௌந்திரம் அக்கா ஓடிவந்து மாமியார் காலில் விழுந்தார்.

"அவரை ஒண்ணுஞ் சொல்லாதீங்கத்தை. என் கைதான் தவறிப்போச்சு."

"உன் கையா?" செல்லாயி குனிந்து மருமகளைப் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார். "ஏன், அவன் கைக்கு என்ன?"

செல்லாயி போர்வையை விலக்கினார். மகனின் வலது கையைத் தூக்கினார். விட்டார். விழுந்தது. இடது கையைத் தூக்கினார். அதை விடாமல் தன் மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"காலு?"

"இல்லீங்கம்மா" என்றார் தங்கசாமி.

"ஆடி போனா?"

"இல்லீங்கம்மா."

நான் எழுதிய வரி அது. கண்ணாடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

செல்லாயி அழவில்லை. மழித்த மேலுதட்டை விரலால் இப்படியும் அப்படியும் தடவினார், சின்னக் குழந்தைக்குப் பால் துடைப்பதுபோல.

"செரி சாமி. எனக்கு எடுத்ததாவே இருக்கட்டும். நான் போற அன்னிக்கு உன்னையக் கட்டிலோட தூக்கிக்கிட்டு வந்து யாரும் செரமப்பட வேண்டாம். கொள்ளியைப் பங்காளி எவனாச்சும் வெச்சுக்கறான். மகன் செய்யறதை நீ செஞ்சுட்ட."

தங்கசாமி அப்போதுதான் உடைந்தார். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் ஓடியது. அவரால் துடைக்க முடியாது. சௌந்திரம் அக்கா தரையிலேயே உட்கார்ந்து தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் நுரை காயாத கைகள்.

"எந்திரிச்சு வா புள்ள" என்றார் செல்லாயி. "காதுக்குள்ள தண்ணி போகுது பாரு. வந்து தொடச்சு உடு."